‘எங்கடையள்’ கழகத்தின் கதையை நான் கேட்ட விதம்

அந்தக் காலையில், சுவிஸ் மலைநகரான டாவோஸில் நான் வேலை செய்த ஹோட்டலின் சாப்பாட்டு மண்டபத்துக்குள் இரண்டு பொலிஸ்காரர்கள் நின்றார்கள். நான் முட்டை பொரிக்கும் மேசைக்குப் பின்னால் வெள்ளைத் தொப்பியுடன் நின்றேன். எனக்குப் பத்தடி தள்ளி ஒத்தார் நின்றார்.

ஒத்தார் ஜோர்ஜியாவிலிருந்து பயிற்சிக்காக வந்திருந்த ஒரு சிறு நகரத்து உதைபந்தாட்டக் கழகத்தின் உடைப் பொறுப்பாளர். சீருடை தோய்ப்பது, சப்பாத்துத் துடைப்பது, பந்துக்குக் காற்றடிப்பது, பயணத்தில் எல்லாருடைய கடவுச்சீட்டுகளையும் ஒரு தோல்பையில் போட்டுக் காப்பது அவருடைய வேலை. வயது அறுபதுக்கு மேல். அன்று காலை அந்தப் பையில் ஒரு கடவுச்சீட்டு குறைந்தது. மேசையில் ஒரு ஆட்டக்காரரும் குறைந்தார்.

பயிற்சியாளர் பையைக் கவிழ்த்து, பாண் கூடைக்கும் வெண்ணெய்த் தட்டுக்கும் நடுவில் கடவுச்சீட்டுகளைப் பரப்பிவிட்டுக் கத்திக்கொண்டிருந்தார். பொலிஸ்காரர்களுக்கு ஜோர்ஜிய மொழி தெரியாது. அந்த அணியில் ஜேர்மன் தெரிந்தவர் ஒருவர்தான், அதுவும் ஒத்தார். சோவியத் இராணுவத்தில் கட்டாய சேவைக்காக அவரைக் கிழக்கு ஜேர்மனிக்கு அனுப்பியிருந்தார்கள். அங்கே பழகிய மொழி. ஆகவே தனக்கு விழுந்த ஏச்சைத் தானே மொழிபெயர்க்க வேண்டி வந்தது.

“பொறுப்பில்லாத கிழவன் எண்டு சொல்லுறார்,” என்றார் ஒத்தார், நிதானமாக. “நாப்பது வருசம் கழகத்தில இருந்தும் மூளை வளரேல்லையாம்.”

“ஆர் அந்தக் கிழவன்?” என்று இளைய பொலிஸ்காரர் குறிப்புப் புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தாமல் கேட்டார்.

“நான்தான்.”

அவர் பேசியது ஜேர்மன். அதை நான் என்னுடைய தமிழில் எழுதுகிறேன். ஆனால் அந்தக் குரலை எந்த மொழியிலும் எழுத எனக்குத் தெரியவில்லை. விடுமுறைக்கு வந்திருந்த மற்ற விருந்தாளிகள் கோப்பித் தம்ளரைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் சட்டியில் முட்டை கருகியது.

வாராவாரம் எழுதும் இந்தத் தொடரில் இதுவரை நான் நல்லவனாகவே வந்திருக்கிறேன். பனியில் நடந்தேன், பாத்திரம் கழுவினேன், ஊருக்கு அனுப்பினேன், பிள்ளைகளைப் படிப்பித்தேன். வாசித்தவர்கள் கடிதம் எழுதிப் பாராட்டினார்கள். இந்த வாரம் அது இல்லை.

பின்கதவில் ஐஸ் கேட்டவன்

அது ஊரில் போர் முடிந்த மே மாதத்துக்குப் பிறகு வந்த கோடை. என் தம்பியும் மனைவியும் மூன்று பிள்ளைகளும் வவுனியா முகாமில் முள்ளுக்கம்பிக்குள் இருந்தார்கள். நான் தலைநகர் பேர்ணுக்குப் போய் ஊர்வலத்தில் நின்றேன், படிவங்கள் நிரப்பினேன், தெரிந்தவர், தெரியாதவர் எல்லாருக்கும் தொலைபேசி எடுத்தேன். ஒருவரைக்கூட வெளியே எடுக்க முடியவில்லை. மலையடிவாரத்துக் கூர் நகரத்தில் முதியோர் இல்லத்தில் வேலை செய்துகொண்டிருந்த என் மனைவி ராஜி, “சாப்பிட்டிட்டியளோ?” என்பதைத் தவிர என்னிடம் எதையும் கேட்பதை விட்டிருந்தாள். நான் கிழமையில் ஐந்து நாட்கள் டாவோஸிலேயே, ஹோட்டல் கொடுத்த அறையில் தங்குவேன்.

ஜோர்ஜியாக்காரர்கள் பத்து நாட்களுக்கு வந்தார்கள். கழகம் நாட்டின் முதல் பிரிவுக்கு ஏறியிருந்தது. மரவியாபாரி ஒருவர் அதை வாங்கி, பெருமைக்காக மலைக்காற்றில் பயிற்சி என்று அனுப்பியிருந்தார். எங்களுக்குக் கோடை மந்தமான காலம். ஹோட்டல் முதலாளி மகிழ்ந்துபோய் வரவேற்றார்.

லெவான் அந்த அணியின் இடதுபுறத் தடுப்பாளன். இருபத்தேழு வயது. ஒவ்வொரு நாளும் பயிற்சி முடிய முழங்காலுக்கு ஐஸ் கேட்டு வாளியோடு சமையலறையின் பின்கதவுக்கு வருவான். மூன்றாம் நாள் கைத்தொலைபேசியில் ஒரு படம் காட்டினான். இரண்டு வயதுப் பெண்பிள்ளை. உதடுகள் ஊதா நிறம்.

“ஹார்ட்,” என்றான். பெருவிரலையும் சுட்டுவிரலையும் வளைத்து ஒரு ஓட்டை காட்டினான். பிறகு என் நெஞ்சைத் தொட்டு, “யூ, அசூல்?” என்று கேட்டான்.

அசூல் என்றால் அகதி மனு. அந்தச் சொல் உலகத்தில் எல்லாருக்கும் தெரிந்துவிடுகிறது. ஓம் என்று தலையாட்டினேன்.

ஐந்தாம் நாள் கேட்டான்: “ஹவ்?”

எனக்கும் இதே கேள்விக்கு ஒருவர் விடை சொன்னவர்தான். எண்பதுகளின் கடைசியில் சூரிச் நிலையத்தில் நடுங்கிக்கொண்டு நின்றபோது, முன்பின் தெரியாத ஒரு தமிழர் என்னைத் தூணுக்குப் பின்னால் இழுத்துப்போய், எந்த ரயில், எந்தக் கதவு, எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று ஐந்து நிமிடத்தில் பாடமாக்கித் தந்தார். பெயர்கூடச் சொல்லாமல் போய்விட்டார். அவரைப் பற்றி இந்தத் தொடரின் தொடக்கத்தில் உருக்கமாக எழுதியிருந்தேன். எழுதும்போது லெவானை நினைத்தேன். ஆனால் அவனைப் பற்றி எழுதவில்லை.

லெவானுக்கு விடை சொல்லும்போதே, அவனுக்குக் கிடைக்காது என்று எனக்குத் தெரியும். அதற்கு முந்தைய ஆவணியில் அவர்களுடைய நாட்டில் ஐந்து நாள் போர் நடந்திருந்தது, ஆனால் அவனுடைய ஊருக்குள் ஒரு குண்டும் விழவில்லை. பிள்ளையின் நோய்க்கு அகதி அந்தஸ்து கொடுக்க மாட்டார்கள். இது எனக்குத் தெரியும். ஆனாலும் அகதி மனுவைப் பதியும் இடமான பாசலுக்குப் போகும் ரயிலை மாற வேண்டிய நிலையங்களோடு எழுதிக் கொடுத்தேன்.

கடவுச்சீட்டு கட்டாயம் வேண்டும் என்றும் சொன்னேன். எங்கள் காலம் போலில்லை. அடையாளப் பத்திரம் இல்லாமல் போனால் மனுவைப் பாராமலே திருப்பிவிடும் சட்டம் வந்திருந்தது. கடவுச்சீட்டு ஒத்தாரின் பையில். பை அவருடைய அறையில். பயிற்சி நேரத்தில் லெவானும் மைதானத்தில் நிற்க வேண்டும். மற்ற நேரமெல்லாம் ஒத்தார் அறைக்குள் இருந்து சீருடை தைப்பார். லெவானுக்கு ஒரு மணித்தியாலம் வேண்டியிருந்தது.

அந்த ஒரு மணித்தியாலத்தை நான் எடுத்துத் தருகிறேன் என்றேன்.

இரண்டு மணியிலிருந்து நாலு மணிவரை

மதியச் சாப்பாட்டுக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் நடுவில் சமையல்காரருக்கு ஓய்வு உண்டு. சிம்மர்ஷ்டுண்ட என்பார்கள், அறைக்குப் போய் முதுகை நீட்டும் நேரம். கடைசி நாளுக்கு முதல் நாள் அந்த நேரத்தில் ஒத்தாரின் அறைக் கதவைத் தட்டினேன். தோய்த்த சீருடைகள் கட்டிலில் இலக்கப்படி அடுக்கியிருந்தன.

“உங்கட நாட்டில தேயிலை விளையுமாமே,” என்றேன். “எங்கட நாட்டுத் தேயிலை இருக்கு. வந்து குடிச்சுப் பாருங்கோ.”

அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். வந்த நாளிலிருந்து அந்த ஹோட்டலில் அவரிடம் ஒருவரும் அப்படிக் கேட்கவில்லை. சமையலறை மூலை மேசையில் வந்து இருந்தார். பால் விடாத பிளேன்ரீயை வாயில் வைத்துக்கொண்டே கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் பிறகு விழுங்கினார்.

“நல்ல தேயிலை. எங்கட கழகமே தேயிலையிலதான் பிறந்தது,” என்றார்.

“சொல்லுங்கோ,” என்றேன்.

அவர் சொன்னது இதுதான்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மேற்கு ஜோர்ஜியாவில் சதுப்பு நிலத்தைக் காயவைத்துத் தேயிலை நட்டார்கள். தொழிற்சாலை வந்தது. வேலை முடிந்த தொழிலாளர்கள் மீந்த சதுப்பில் பந்தடித்தார்கள். முதல் அணிக்குத் தேயிலைச் சாக்கை வெட்டித்தான் காற்சட்டை தைத்தார்கள். தொடையெல்லாம் கடித்து, ஆட்டத்தின் நடுவில் சொறிந்துகொண்டு ஓடினார்களாம். எதிரணி சிரித்துச் சிரித்தே மூன்று கோல் வாங்கியது என்றார்.

கழகத்துக்கு நாலு பெயர். முதலில் தொழிற்சாலையின் இலக்கம். பிறகு ஒரு கட்சிக்காரர் ‘அறுவடை’ என்று மாற்றினார். சுதந்திரம் வந்ததும் ஆற்றின் பெயரை வைத்தார்கள். கடைசியாக மரவியாபாரி தன்னுடைய நிறுவனத்தின் பெயரை வைத்தார். ஊர்ச்சனம் இந்த நாலில் ஒன்றையும் வாயில் எடுத்ததில்லை. அவர்கள் சொன்ன சொல்லுக்கு ஜேர்மனில் ‘நம்முடையவர்கள்’ என்று அர்த்தம் சொன்னார் ஒத்தார். ‘எங்கடையள்’ என்று நான் மனதுக்குள் திருப்பிக்கொண்டேன்.

எனக்கு எங்கள் ஊர் விளையாட்டுக் கழகம் நினைவுக்கு வந்தது. சுவிஸில் அது இரண்டாக உடைந்து, இரண்டும் ஒரே பெயரில் ஒரே கோடையில் வெவ்வேறு மைதானத்தில் வெற்றிக்கிண்ணம் நடத்திக்கொண்டிருந்தது. எதில் பந்தடித்தால் யார் கோபிப்பார் என்று பார்த்துத்தான் நாங்கள் சப்பாத்துக் கட்டுவோம். அதை அவரிடம் சொல்லவில்லை.

தொண்ணூறுகளைப் பற்றிச் சொல்லும்போது ஒத்தார் குரலைத் தாழ்த்தினார். கடற்கரைப் பக்கம் போர் வந்து சனம் இடம்பெயர்ந்தது. அரங்கத்தின் கீழிருந்த உடைமாற்றும் அறைகளில் பன்னிரண்டு குடும்பங்கள் குடியேறின. ஒரு குளிர்காலத்தில் மின்சாரமும் இல்லை, விறகும் இல்லை. பார்வையாளர் உட்காரும் மர வாங்குகளைக் கழற்றி எரித்தார்கள்.

“நான்தான் ஆணி கழற்றிக் குடுத்தன்,” என்றார். “பிள்ளையள் குளிரில கிடக்குது. வாங்கு என்னத்துக்கு?”

ஆட்டக்காரர்கள் பேருந்துக்குள் உடை மாற்றினார்கள். கோல் கம்பத்துக்குப் பின்னால் அந்தப் பெண்கள் உடுப்புக் காயப்போடுவார்கள். பந்து போய்த் தோய்த்த துணியில் விழுந்தால் ஆட்டம் நிற்கும். யாருடைய துணி என்று பார்த்து, அந்தப் பெண் சரி என்று சொன்ன பிறகுதான் நடுவர் விசில் ஊதுவார். கழக அலுவலகத்தைக் கொள்ளையடித்தபோது ஒத்தார் சீருடைகளைத் தன் வீட்டுக் கோழிக்கூட்டுக்குள் ஒளித்துவைத்திருந்தார். மனைவி அவற்றை ஆற்றில் தோய்த்தாள். ஒரு பருவம் முழுக்க அந்தப் பதினொரு சட்டைகளைத் தவிரக் கழகத்திடம் வேறொன்றும் இருக்கவில்லை.

இந்த இடத்தில் லெவான் வாளியோடு பின்கதவைக் கடந்து போனான். காரியம் முடிந்தது என்பதற்கு அதுதான் அடையாளம். நான் அப்போது எழுந்திருக்கலாம்.

“பிறகு?” என்று கேட்டேன்.

கேட்க வேண்டிய தேவை இல்லாமல் கேட்டேன். இடம்பெயர்ந்தவர்கள் எப்போது போனார்கள், வாங்குகளைத் திரும்ப யார் செய்தது, முதல் பிரிவுக்கு ஏறிய நாளில் மழையோ வெயிலோ என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். அவர் உணவுப்பட்டியலின் பின்பக்கத்தில் மைதானத்தை வரைந்து, கடைசிக் கோல் எங்கிருந்து வந்தது என்று காட்டினார். நாலு மணிக்குத் துணைச் சமையல்காரர் வெங்காய மூட்டையோடு வந்தபோதுதான் எழுந்தோம்.

கதவருகில் ஒத்தார் என் தோளில் கை வைத்தார். “இவ்வளவு நேரம் ஒருத்தரும் என்னட்டைக் கேட்டதில்லை,” என்றார்.

முட்டையும் உண்மையும்

லெவான் விடியற்காலை முதல் ரயிலில் போய்விட்டான். அதன் பிறகு நடந்ததைத்தான் தொடக்கத்தில் எழுதினேன்.

இளைய பொலிஸ்காரர் என்னுடைய மேசைக்கும் வந்தார். “காணாமல் போனவர் உங்களோட கதைச்சவரோ?” என்று கேட்டார்.

“ஐஸ் கேட்டவர்,” என்றேன்.

அது பொய் இல்லை. என் வாழ்க்கையில் நான் சொன்ன கெட்ட பொய்களெல்லாம் இப்படிப் பொய் இல்லாதவைதான்.

ஒத்தார் அப்போது என் பக்கம் பார்த்தார். சந்தேகமாக இல்லை. தெரிந்த முகம் ஒன்று அங்கே இருக்கிறது என்ற ஆறுதலில் பார்த்தார். நான் அடுத்த முட்டையை உடைத்தேன். பேருந்து புறப்படும்போது பின்கதவால் போய் உருளைக்கிழங்கு அறையில் நின்றேன்.

பாசலிலிருந்து லெவான் இரண்டு தடவை தொலைபேசி எடுத்தான். பிறகு அவனை ஓல்டன் பக்கத்தில் ஒரு முகாமில் விட்டார்கள். எட்டு மாதத்தில் மனு நிராகரிக்கப்பட்டது. தானாகவே கையெழுத்துப் போட்டுத் திரும்பிப் போனான். போகுமுன் எனக்குச் சொன்னது ஒரு வரி: “தேர் இஸ் நோ க்ளப்.”

அவன் மூலமாகவும், பின்னாளில் ஒத்தார் மூலமாகவும் தெரிந்துகொண்டதை இங்கே சொல்லிவிடுகிறேன். ஊர் திரும்பிய கிழமையே ஒத்தாரை வேலையை விட்டு நிறுத்தினார்கள். வெளிநாட்டில் மானம் போய்விட்டது என்று மரவியாபாரி பத்திரிகைக்குச் சொன்னார். அடுத்த பருவத்துக்கு முன்னர் கழகத்தின் முதல் பிரிவு இடத்தைத் தலைநகரத்து அணியொன்றுக்குக் கொடுத்துவிட்டு விலகினார். அதை அவர் ஏற்கெனவே பேசி முடித்திருந்தார், ஒரு சாட்டுத்தான் தேடினார் என்று சிலர் சொன்னார்கள். இருக்கலாம். அந்தச் சாட்டை அவருக்குச் செய்து கொடுத்தது யார் என்று எனக்குத் தெரியும். சாக்குக் காற்சட்டையோடு தொடங்கி, போரையும் குளிரையும் கொள்ளையையும் தாண்டி வந்த ஒரு கழகம், என் ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு ஒரு வருடம்கூடத் தாங்கவில்லை.

ஓல்டன் நிலையத்தில்

ராஜிக்கு ஓல்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் நிரந்தர வேலை கிடைத்தபோது நாங்கள் மலையை விட்டு இறங்கினோம். நானும் அதே இல்லத்தின் சமையலறையில் சேர்ந்தேன். தம்பி குடும்பம் முகாமிலிருந்து எப்போதோ வெளியே வந்துவிட்டது. அதில் என் கை எதுவும் இல்லை. வருடங்கள் போயின. ஜோர்ஜியாக்காரர்கள் விசா இல்லாமல் வந்துபோகலாம் என்று சட்டம் மாறியது. லெவானும் நானும் அவர்களுடைய புதுவருடத்துக்கு வாழ்த்து அனுப்பும் அளவுக்கு மட்டும் தொடர்பு வைத்திருந்தோம்.

ஒரு இலையுதிர் காலத்தில் தெரியாத இலக்கத்திலிருந்து அழைப்பு வந்தது.

“கோஹ்?” என்றது குரல். சமையல்காரன் என்று அர்த்தம். என் பெயரை ஒத்தார் கேட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

ஒத்தாரின் மகள் சூரிச்சில் ஒரு வயோதிப அம்மாவைப் பார்க்கும் வேலையில் இருந்தாள். அவளைப் பார்க்க வந்தவர், பேர்ணுக்குப் போகும் வழியில் ஓல்டனில் இறங்குவதாகச் சொன்னார். லெவான்தான் இலக்கம் கொடுத்திருந்தான்.

நாலாம் மேடை வாங்கில் இருந்தார். நன்றாக மெலிந்திருந்தார். காதில் கேட்கும் கருவி. உள்ளே போய்க் கோப்பி குடிப்போம் என்றேன், வேண்டாம் என்றார். மேலே அறிவிப்புகள் ஓடிக்கொண்டே இருந்தன. ஒவ்வொன்றுக்கும் பேச்சை நிறுத்திக் காத்திருந்தார்.

“லெவான்ர பிள்ளை பள்ளிக்கூடம் போகுது,” என்றார். “ஓடுது. துருக்கியில ஒப்பரேசன் செய்தது.”

“அது எப்படி நடந்தது?”

“ஊர்ச்சனம் சேர்ந்தது. எங்கட மைதானத்தில ஒரு ஆட்டம் வைச்சம், பழைய ஆக்கள் எல்லாரும் விளையாடினவை. அதுதான் அங்கை நடந்த கடைசி ஆட்டம். பிறகு கோல் கம்பத்தை இரும்புக்கு வெட்டிக்கொண்டு போட்டினம்.”

“ஆர் ஆட்டம் வைச்சது?”

“நான்தான். வேறை ஆர் வைக்கிறது?”

ஒரு சரக்கு ரயில் நீளமாகக் கடந்து போனது. அது முடியும்வரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

“உம்மட்டை ஒண்டு கேக்கத்தான் வந்தன்,” என்றார். “அண்டைக்கு நீர் என்னைத் தேத்தண்ணிக்குக் கூப்பிட்டீர். லெவான் என்ர அறைக்குள்ள போறது உமக்குத் தெரியுமோ?”

லெவான் அதை அவரிடம் சொல்லியிருக்கவில்லை. இத்தனை வருடமும் என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருந்திருக்கிறான். இல்லை என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும்.

“ஓம்,” என்றேன். “தெரியும். அதுக்காகத்தான் கூப்பிட்டனான்.”

தலையாட்டினார். கேட்கும் கருவியை ஒருமுறை தொட்டுப் பார்த்தார்.

“லெவானை நான் மன்னிச்சிட்டன். அவனுக்குப் பிள்ளை. உமக்கு என்ன?”

தம்பி, முகாம், முள்ளுக்கம்பி, அந்தக் கோடையில் ஒரு ஆளையாவது எங்கிருந்தாவது வெளியே எடுத்துவிட வேண்டும் என்று எனக்குள் இருந்த வெறி எல்லாம் நாக்கு நுனிவரை வந்தது. அதை ஜேர்மனில் எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். சொல்லத் தெரிந்திருந்தாலும், அவர் முன்னால் அது ஒரு விடையாக நிற்காது.

“எனக்கு ஒண்டும் இல்லை,” என்றேன். “பிழைதான். மன்னிச்சுக்கொள்ளுங்கோ.”

“வேலை போனது பரவாயில்லை,” என்றார் ஒத்தார். “கழகம் போனதும் அப்பிடித்தான், நீர் இல்லாட்டிலும் அந்த மரவியாபாரி வித்திருப்பான். ஆனா அண்டைக்குச் சமையலறையால நான் சந்தோசமாய்ப் போனன். மனுசிக்கு ரெலிபோன் எடுத்துச் சொன்னன், இஞ்சை ஒரு சமையல்காரன் எங்கட கழகத்தைப் பற்றி இரண்டு மணித்தியாலம் கேட்டவன் எண்டு. அவ செத்துப்போட்டா. சாகும்வரைக்கும் அதை ஆக்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தவ. அதைத்தான் என்னால தாங்கேலாமல் கிடக்கு.”

லெவான் வாளியோடு போன பிறகும் கேட்டேனே, அந்தக் கேள்விகள் பொய்யில்லையே என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. எது எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்று அவரை நம்பவைக்கும் உரிமை எனக்கு இல்லை. எனக்கே இன்றுவரை அது நிச்சயமாகத் தெரியாது.

பேர்ண் ரயில் வந்து நின்றது. எழுந்தார். நானும் எழுந்து கையை நீட்டினேன்.

அவர் அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தன் பயணப்பையை இடக்கையிலிருந்து வலக்கைக்கு மாற்றிப் பிடித்துக்கொண்டு, படியில் கவனமாகக் கால் வைத்து ஏறினார்.